எதிர்க்கடையில் பாதி விலை

அந்தத் தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தக் கோடைக்கு வந்துவிடும். "ஒரு டீ விலைக்கு ஒரு வாளி வாங்கினோம்டி" என்பாள் ஒருத்தி. "என் குக்கருக்கு அடிப்பாகம் ஒரு கடை, மூடி இன்னொரு கடை. இன்னைக்கு வரைக்கும் விசில் ஒழுங்கா வருது" என்று இன்னொருத்தி சிரிப்பாள். முடிவெட்டும் கடை ரேடியோ, மதிய வெயிலில் வரும் ஐஸ் வண்டியின் மணி, புது வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குழந்தைகள் முட்டி மோதி ஓடியது எல்லாம் அந்த ஞாபகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். "அந்தக் காலம் இனி வருமா?" என்று பெருமூச்சு விடுவார்கள். அக்கா மட்டும் அந்தப் பேச்சில் சேர மாட்டாள். சாமானைத் துடைத்து அடுக்குகிற சாக்கில் கடைக்குள்ளே போய்விடுவாள்.

அக்கா என்பவள் பாத்திரக்கடைக்காரரின் மனைவி. கடையில் வேலை பார்த்த அவளுடைய தம்பி வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டதைக் கேட்டு, அவளைவிட மூத்தவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அதே கணக்கில் அவனும் தெருவுக்கே தம்பி ஆனான். அவள் கணவரை மட்டும் யாரும் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. முன்னால் நின்றால் முதலாளி, முதுகு திரும்பினால் கடைக்காரர்.

கடை குறுகலானது, ஆனால் குகை மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வாசலில் கயிற்றில் கோத்த பிளாஸ்டிக் வாளிகள் தொங்கும். நடுவில் எவர்சில்வர் தட்டுகள், குவளைகள், மூடி போட்ட டப்பாக்கள். கடைசியில் இரும்பு வாணலிகளும் பெரிய அண்டாக்களும். கல்லாவுக்கு மேலே ஒரு பலகை: 'ஒரே விலை. பேரம் பேசாதீர்கள்.' மதியம் கூட்டம் குறைந்ததும் மூன்று பேரும் அண்டாக்களுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். அப்போது கடைக்காரர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். ஒட்டிக்கொண்ட வாளிகளைத் தம்பி ஒரே இழுப்பில் பிரிக்கிற வித்தையைப் பார்த்து, "மாப்பிள்ளைக்குக் கையிலதான் மூளை" என்று சிரிப்பார்.

ஆனால் அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். வந்தால் கையில் கிடைத்ததை எடுத்துத்தான் பேசுவார். அப்பா அம்மா போன பிறகு தம்பி அந்த வீட்டில்தான் வளர்ந்தான். அன்று முதலே அடி. அளவுகோல், இடுப்பு வார், பாத்திரம் கட்டி வருகிற கயிறு. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பழமொழி சொல்லிக்கொண்டே அடிப்பார். முதுகில் தடிப்பு கிளம்பிய இடங்களில் அக்கா எண்ணெய் தடவி, "உன் நல்லதுக்குத்தாண்டா" என்பாள். தம்பிக்குக் கல்யாணம் ஆகி, மீசை அடர்த்தியாகி, கொள்முதலுக்குத் தனியாகப் போய் வருகிற ஆளான பிறகும் அடி நின்றபாடில்லை. 

அந்தத் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பேரம் டீச்சர் என்று பெயர். விலை குறைக்காமல் எதையும் வாங்கியதில்லை, இலவசமாகக் கொடுத்தாலும் "இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்பார் என்று கேலி செய்வார்கள். அவர் ஒரு நாள் காலையில் வந்து, துணி ஊறவைக்கிற டப் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதோட விளிம்பு கோணலா இருக்கே."

"கோணல் இல்ல டீச்சர், அது டிசைன்."

"எனக்கே பாடம் நடத்தறியா? கோணலுக்கு என்ன விலை, நேரா இருந்தா என்ன விலை, அதைச் சொல்லு."

தம்பி சிரித்துவிட்டான். கடைக்காரர் உள்ளே அண்டா எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உங்களுக்காகக் கால்வாசி குறைச்சுக்கறேன். வெளிய சொல்லிடாதீங்க" என்றான்.

கடைக்காரருக்குக் காது கூர்மை. ஷட்டரை இழுத்துவிடுகிற கொக்கிக் கம்பி அவருக்குப் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்தார். குறுக்காக வீசினார். தம்பி திரும்பிய நேரம் கம்பி வாயில் பட்டது. மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் தட்டு அடுக்கின் மேல் விழுந்தான். எவர்சில்வர் தட்டுகள் தரை முழுக்கச் சுழன்று சுழன்று ஒவ்வொன்றாக அடங்கின.

"யாரு வீட்டுப் பணத்தைடா கால்வாசி கால்வாசியா அறுத்துக் குடுக்கற?" என்றார் கடைக்காரர்.

தம்பி வாயைப் பொத்தியிருந்த விரல்களின் வழியே ரத்தம் சட்டையில் இறங்கியது. அக்கா ஓடி வந்து அவன் தலையைத் தாங்கினாள். அப்போது டீச்சர் டப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "அப்ப இதுக்குத் தம்பி சொன்ன விலைதானே?"

கடைக்காரர் அவரை முறைத்தார். ஆனால் காசை வாங்கிக்கொண்டார். தம்பி எழுந்தான். விற்பனைக்கு வைத்திருந்த வாளி ஒன்றில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வாய் கொப்பளித்தான். உடைந்த இரண்டு பற்களைத் தரையில் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ரத்தத் தண்ணீர் நிறைந்த வாளியைக் கல்லா மேல் வைத்துவிட்டு வெளியே போனான். "டேய், நில்லுடா" என்று அக்கா வாசல்வரை ஓடினாள். அவன் திரும்பவில்லை.

எதிரே பழைய போட்டோ ஸ்டூடியோ ஒன்று பூட்டிக் கிடந்தது. கோடை தொடங்கியபோது அதன் கதவு திறந்தது. தம்பியின் மாமனார் கை கொடுத்தார். மொத்த வியாபாரிகளுக்கு அவன் முகம் பழக்கம், கடைக்காரரைவிட அவனிடம் அவர்களுக்கு நம்பிக்கையும் அதிகம். லாரி வந்து நின்று வாளிகளை இறக்கியது. தம்பி ஏணி மேல் ஏறி ஒரு பலகையை மாட்டினான். சிரித்தபோது முன்பல் இரண்டு இல்லாத இடம் கறுப்பாகத் தெரிந்தது. பலகையில் எழுதியிருந்தது: 'எதிர்க்கடை விலையில் பாதி.'

தெரு அதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தது.

முதலில் விளையாட்டு மாதிரிதான் இருந்தது. கடைக்காரர் காலையில் ஒரு விலை சொல்வார். டீச்சர் சாலையைக் கடந்துபோய், "தம்பி, அங்க இவ்வளவுதானாம்" என்பார். தம்பி அதைப் பாதியாக்குவான். டீச்சர் மறுபடி இந்தப் பக்கம் வருவார். "அங்க இன்னும் குறைச்சுட்டானே முதலாளி, நீங்க சும்மா இருக்கீங்க?" கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு 'ஒரே விலை' பலகையைக் கழற்றி மூலையில் வீசினார். டீச்சர் இப்படி நாலு நடை நடந்தால், அடக்க விலையிலும் பாதிக்கு வாளி கிடைக்கும். அவருக்குப் பின்னால் ஒரு கூட்டமே சாலையை இங்கும் அங்கும் கடந்தது. "ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று முடிவெட்டுகிறவர் கத்தரியும் கையுமாக வாசலில் நின்று சிரித்தார். அவரும் மூன்று வாளி வாங்கியிருந்தார். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்கு எதுக்கு வாளி? சும்மா கிடைக்குதேன்னு வாங்கினேன்" என்றார்.

கடைக்காரர் இராத்தூக்கம் இல்லாமல் கண் சிவந்து திரிந்தார். அவருக்கு நெட்டை என்று ஒரு சுமைக்காரன் இருந்தான். லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவன், முதலாளி சொன்னால் கிணற்றில் குதிக்கிறவன். ஒரு விடியற்காலையில் அவன் பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு எதிர்ப்பக்கம் போனான். வெளியே அடுக்கியிருந்த வாளிகளின் அடியில் வரிசையாகக் குத்தினான். ஒவ்வொரு ஓட்டையும் விரல் நுனி அளவு, தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று வாங்கிப்போன பெண்கள் மதியத்துக்குள் திரும்பி வந்தார்கள். ஒருத்தி சமையலறை முழுக்கத் தண்ணீராகிவிட்டது என்று கத்தினாள். இன்னொருத்தி வாளியைத் தம்பியின் முகத்தில் எறிந்தாள். கைப்பிடிக் கம்பி நெற்றியைக் கிழித்தது. "ஏமாத்துக்காரன்! பல்லு போனது போதாதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஆளுக்கு ஆள் எறியத் தொடங்கினார்கள். தம்பி கையால் தலையை மறைத்துக்கொண்டு கல்லாவுக்கு அடியில் குனிந்தான். வாளிகள் சுவரில் மோதி உடைந்தன. நேற்றுவரை "தம்பி, ராசா" என்றவர்கள் அவர்கள்தான்.

ஓட்டையின் ஓரம் கருகியிருந்ததைப் பார்த்ததும், இது முதலாளி சொல்லி நெட்டை செய்த வேலை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. 

மறுநாள் உச்சி வெயிலில் தம்பியும் அவன் மச்சினர்கள் இரண்டு பேரும் நெட்டையைக் கடைக்காரர் கடையின் பின்சந்தில் மடக்கினார்கள். ஒருவன் வாயைப் பொத்தினான். ஒருவன் காலை நீட்டிப் பிடித்தான். தம்பி இரும்புக் குழாயால் முழங்காலுக்குக் கீழே அடித்தான். மூன்றாவது அடியில் பொத்திய கையைக் கடித்துவிட்டு நெட்டை அலறினான். அந்த அலறல் முன்வாசல் வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது. எல்லோரும் சந்துப் பக்கம் தலையைத் திருப்பினார்கள். இடம் போய்விடும் என்று யாரும் வரிசையை விட்டு நகரவில்லை.

அக்கா ஓடினாள். நெட்டை சுவரோரம் கிடந்தான். கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பியிருந்தது. அவனை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, நேராகத் தம்பியின் கடைக்குள் போனாள். அவன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அவனை அடித்ததில்லை. அன்று கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

"அவன் பிள்ளைக்குட்டிக்காரன்டா! அவன் என்னடா பண்ணான்? சொன்னதைச் செஞ்சான்."

தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டான். "என் பல்லு போனப்ப நான் யாருக்குப் பிள்ளை அக்கா? அன்னைக்கு நீ யாரை அறைஞ்ச?"

அவள் அடித்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"போ. உன் புருஷன்கிட்டச் சொல்லு. அவர் கடையில கடைசிக் குவளை தீர்றவரைக்கும் நான் விலையைக் குறைப்பேன். பிச்சை எடுத்தாவது குறைப்பேன்."

அக்கா தன் கடைக்குத் திரும்பி வந்து கடைக்காரரிடம், "போதும், நிறுத்திடுங்க. ரெண்டு கடையும் நாசமாப் போகுது" என்றாள். அவர் கொத்தாக அவள் தலைமுடியைப் பிடித்துத் தட்டு அடுக்கின் மேல் தள்ளினார். "உன் பொறந்த வீட்டுப் புத்தி போகுமா? நீயே போய் அவன் கடையில உட்காரு." தட்டின் விளிம்பு முழங்கையைச் சதை தெரிய வெட்டியது. அவள் ஒரு துணியைக் கிழித்துத் தானே கட்டிக்கொண்டாள். அன்று மதியம் அண்டாக்களுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து சாப்பிட முயன்றாள். பாத்திரத்தைத் திறந்து, அப்படியே மறுபடி மூடி வைத்தாள். தம்பி சின்னப் பையனாக இருந்தபோது அதே இடத்தில் தூங்கிப்போவான். கடைக்காரர் அவனை எழுப்பாமல் அவன் முகத்துக்கு மட்டும் அட்டையால் விசிறுவார். அதுவும் நடந்ததுதான். அவளால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கடைகளும் ஒன்றையே அறிவித்தன. வாடகை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்கள்: எதை எடுத்தாலும் ஒரே விலை. குவளைக்கும் அதே விலை, அண்டாவுக்கும் அதே விலை. 

ஷட்டர் திறக்கும் முன்பே சாலை அடைத்துவிட்டது. முகம் தெரியாத ஆட்கள். இடுப்பில் குழந்தை, கையில் சாக்கு. கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கியதுமே கூட்டம் குனிந்து நுழைந்தது. ஷட்டர் தளர்ந்து இறங்கியதில் ஒரு பெண்ணின் விரல்கள் அடியில் மாட்டின. அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அக்கா தோளைக் கொடுத்து ஷட்டரைத் தூக்கினாள். நசுங்கிய விரல்களை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் உள்ளே ஓடி, மற்றக் கையால் ஓர் அண்டாவைப் பற்றினாள்.

எதிர்க்கடையில் கண்ணாடி அலமாரி சரிந்தது. மேலே ஏறியவர்கள் கண்ணாடியோடு விழுந்தார்கள். ஒரே வாணலியின் இரண்டு காதுகளையும் இரண்டு பெண்கள் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தி விட்டுவிட, மற்றவள் வாணலியோடு பின்னால் சாய்ந்து தன் பல்லையே உடைத்துக்கொண்டாள். பேரம் டீச்சர் வழக்கம்போல் சாலையைக் கடந்தார். நடுவில் யாரோ இடித்தார்கள். அவர் விழுந்தார். "ஐயோ, எழுந்துக்கறேன், எழுந்துக்கறேன்" என்றார். அவர் மேல் முதலில் ஒரு கால், பிறகு பல கால்கள். முடிவெட்டுகிறவர் தன் கடை நாற்காலியைத் தூக்கிச் சுழற்றிக்கொண்டு போய் இடம் உண்டாக்கி அவரை இழுத்து வந்தார். தோள் கழன்று தொங்கியது. இடுப்பெலும்பு முறிந்தது பிறகுதான் தெரிந்தது. அப்போதும் அவர் கையில் ஒரு குவளை இருந்தது.

கடைக்காரர் தன் கடை காலியாவதைப் பார்த்தார். பாதிப் பேர் காசே கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தார்கள். யாரைத் தடுப்பது? அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டி எதிரே போனது. தம்பியும் அதே மாதிரி கைகளை விரித்துக்கொண்டு நின்றான். இருவர் கண்களும் சந்தித்தன. கடைக்காரர் கொக்கிக் கம்பியை எடுத்தார்.

நடுச்சாலையில் மோதினார்கள். முதல் அடி தம்பியின் தோளில். அவன் கையில் இரும்பு வாணலி. அதன் அடிப்பாகத்தால் கடைக்காரரின் காதோரம் ஓங்கி அறைந்தான். காது பிளந்து கழுத்து முழுக்கச் சிவந்தது. அவர் கம்பியின் கொக்கியைத் தம்பியின் கழுத்துப்பட்டையில் மாட்டி இழுத்தார். அவன் முட்டி போட்டு விழுந்தான். அவர் கம்பியைத் திருப்பிப் பிடித்து முதுகில், விலாவில், தலையில் அடித்தார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தை. "சோறு... போட்ட... கையை..." 

கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு நகர்ந்தது. ஆற்று நடுவில் கிடக்கிற கல்லைத் தண்ணீர் சுற்றிப் போகிற மாதிரி. தலையில் அண்டா வைத்துக்கொண்டு போன ஒருவன் குனிந்து, "முதலாளி, இதுக்கு மூடி தனி விலையா?" என்று கேட்டான். உண்மையாகவே கேட்டான். கடைக்காரர் பதில் சொல்லாததால் போய்விட்டான்.

அக்கா கூட்டத்தை முழங்கையால் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது தம்பி அசையாமல் குப்புறக் கிடந்தான். கடைக்காரர் கம்பியை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கியிருந்தார். அது இறங்கினால் மண்டை இருக்காது. அவள் "வேண்டாங்க" என்றாள். அவர் காதில் விழவில்லை. காலடியில் அண்டா கிளறுகிற இரும்புக் கரண்டி ஒன்று கிடந்தது, ஆள் உயரக் காம்போடு. அதை எடுத்தாள். அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு உடைந்தது அவள் கைக்கே தெரிந்தது. கம்பி கீழே விழுந்து உருண்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, வெறும் ஆச்சரியம். அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் தம்பியைத் திருப்புவதற்குக் குனிந்தாள். அவன் இறந்துவிட்டான் என்றே நினைத்தாள். ஆனால் அவன் கண் திறந்தான். எதிரில் உட்கார்ந்திருந்த கடைக்காரரைப் பார்த்தான். கை தரையைத் தடவி வாணலியைத் தேடி எடுத்தது. எழுந்தான்.

"டேய், போதும்டா. அவர் கை போச்சு. போதும்."

"தள்ளு அக்கா."

"தம்பி!"

"தள்ளுன்னு சொன்னேன்!" அவளை ஒரு கையால் தள்ளிவிட்டு வாணலியை ஓங்கினான். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், மறைக்கக்கூடக் கை தூக்கவில்லை. அக்கா பக்கவாட்டிலிருந்து தம்பியின் முழங்காலில் அடித்தாள். அவன் சரிந்தான். எழ முயன்றான். அதே இடத்தில் மறுபடி அடித்தாள். இந்த முறை அவன் குழந்தையைப் போல "அக்கா" என்று கத்தினான். பிறகு எழவில்லை.

கரண்டியை ஊன்றிக்கொண்டு அவள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். யாராவது ஒருவர் அசைந்தாலும் மறுபடி அடித்திருப்பாள். சாமான் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. சாலையில் செருப்புகளும் உடைந்த மூடிகளும் மட்டும் கிடந்தன. 

ஆஸ்பத்திரியில் கட்டில் பஞ்சம். இரண்டு பேரையும் ஒரே அறையில்தான் போட்டார்கள். நடுவில் ஒரு திரை. போலீஸ்காரர் ஒருவர் வந்து, "கையை உடைச்சது யாரு?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"எதிர்க்கடைக்காரன்."

திரைக்கு அந்தப் பக்கம் போனார். "முட்டியை உடைச்சது?"

"அந்த ஆளு."

அக்கா இடையில் நின்று, "ரெண்டு பேரையும் நான்தாங்க அடிச்சேன்" என்றாள்.

போலீஸ்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கையில் கட்டு, கலைந்த தலை, அவர் தோளுக்குக்கூட எட்டாத உயரம். சிரித்துவிட்டார். "புருஷனையும் காப்பாத்தணும், தம்பியையும் காப்பாத்தணும். புரியுதும்மா. போய் உட்காருங்க." அவள் மறுபடி சொன்னாள். அவர் இரண்டு கட்டிலையும் பார்த்து, "அப்படியா?" என்றார். அத்தனை மாதத்தில் முதல் முறையாகக் கடைக்காரரும் தம்பியும் ஒரே பதில் சொன்னார்கள்.

"இல்லங்க."

நெட்டைக்குப் பக்கத்து அறையில் மாவுக்கட்டு. அவன் மனைவி அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா தன் வளையல்களைக் கழற்றி அவள் மடியில் போட்டாள். அந்தப் பெண் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. டீச்சர் அடுத்த மழைக்காலம்வரை படுக்கையில் இருந்தார். பிறகு அவர் மகள் வந்து தன்னோடு கூட்டிப் போய்விட்டாள்.

தம்பி முழங்கால் கட்டோடே ஊரை விட்டுப் போனான். போகிற அன்று அக்கா அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அவரை அடிச்ச, சரி. என்னை எதுக்கு ரெண்டு தடவை அடிச்ச?" என்று கேட்டான்.

"நீ ரெண்டு தடவை எழுந்த."

"முதல்லயே ஒரு தடவை அவரை அடிச்சிருக்கலாமே அக்கா. நான் சின்னவனா இருந்தப்ப."

வண்டி போன பிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள்.

கடைக்காரரின் மணிக்கட்டு சரியாகச் சேரவில்லை. ஒரு குவளையைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது. வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் அவள் ஊட்டிவிட்டாள். ஒரு நாள் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"கம்பியை நான் விடாம இருந்திருந்தா, அடுத்த அடி என் தலையில அடிச்சிருப்பியா?"

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "கரண்டி கனமா இருந்துச்சு. அதுக்கு மேல தூக்க வந்திருக்குமான்னு தெரியல" என்றாள்.

அதன் பிறகு அவளை "ஏய்" என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கொஞ்ச நாள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

கடையை அவள்தான் மறுபடி திறந்தாள். மொத்த வியாபாரிகளின் வாசலில் போய் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு பிடித்தாள். விலை நியாயமாக இருக்கும், கேட்டால் ஓரளவு குறைப்பாள். கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து இடது கையால் சில்லறை கொடுப்பார். தெரு பழையபடி வந்து வாங்கியது. ஓட்டை வாளியை எறிந்தவர்களும் வந்தார்கள். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் காலையில் தம்பி வந்தான். வேறோர் ஊரில் சிறிய கடை வைத்திருக்கிறானாம். தட்டுகள் மொத்தமாக வேண்டும், இந்தப் பக்கம் விலை மலிவு என்று வந்ததாகச் சொன்னான். வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். அக்கா தட்டுக் கட்டுகளை இறக்கிக்கொண்டே இரண்டு பேரையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். கடைக்காரர் அவன் காலையே பார்த்தார். தம்பி அவர் மணிக்கட்டையே பார்த்தான். பிறகு கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்த ஸ்டூலைக் காலால் மெல்ல அவன் பக்கம் தள்ளினார்.

தம்பி உட்காரவில்லை. அக்கா எண்ணிக் கட்டி முடிக்கும்வரை, ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலையும் மற்றக் காலையும் மாற்றி மாற்றி ஊன்றி நின்றான். பணத்தை எண்ணி அவள் கையில் கொடுத்தான். "வரேன் அக்கா" என்று கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போனான்.

அந்த ஸ்டூல் சாயங்காலம் வரை கடை நடுவில் அப்படியே கிடந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதில் இடித்துக்கொண்டார்கள். "இதை யாருங்க வழியில போட்டது?" என்று ஒருத்தி எரிச்சலோடு கேட்டாள். கடைக்காரர், "இருக்கட்டும்மா" என்றார்.